வருவதாகச் சொன்னவர்

1935 மார்ச்சில் என் மனைவி காலமானாள். அதே வாரம் பழவங்காடியருகே ஒரு சர்க்கஸ் கூடாரமடித்தது.

உடலை வில்லாய் வளைக்கும் அதன் வித்தைக்காரர் எங்கள் எதிர்வீட்டில் தங்கியிருந்தார். துக்கம் விசாரிக்க வந்தார். மெலிந்து நரைத்த மனிதர். பேச்சின் நடுவே, அவரறியாமலே வலக்கால் தோள்மேல் ஏறிவிடும்.

"ஓய், இது துக்க வீடு. நேரா உட்காரும்!"

"நேரே இருந்தா முதுகு நோகும் சாமி, க்ஷமிக்கணும்."

புறப்படுகையில், துக்க வீட்டில் எவரும் சொல்லாத "போயிட்டு வரேன்" என்பதையும் சொன்னார். உறவினர் பதறினர். மறுநாள் மாலை மீண்டும் வந்து நின்றார்.

"எதுக்கு ஓய் வந்தீர்?"

"வரேன்னு சொல்லிப் போயாச்சே சாமி!"

தினமும் சொன்னார், தினமும் வந்தார். அவரைக் கடிந்துகொள்வதிலேயே என் மாலைகள் கழிந்தன. பின்னர் கூடாரம் வேறூர் போயிற்று. அன்றும் அதையே சொல்லித்தான் போனார்.

நான் இன்னும் செய்யாதவை: அவள் புடவைகளைப் பிரித்துக் கொடுப்பது, மருந்துப் புட்டிகளை அப்புறப்படுத்துவது, மாலையில் வாசற்கதவைத் தாழிடுவது.