உப்பில் ஊறிய கம்பளம்

கம்பளம் துவைத்துப் பிழைக்கிறேன் என்று சொன்னால் மதுரையில் முதலில் சிரிப்பார்கள். "இந்த வெயிலுக்குக் கம்பளமா? ஜமுக்காளத்தச் சொல்றியா?" என்பார்கள். செக்கானூரணிப் பக்கம் வயலும் மாடுமாக இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால், "வாத்தா, ஜமுக்காளம்" என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். காஷ்மீர்க் கம்பளத்தை ஹாலில் விரித்து அதன்மேல் நாயைப் படுக்க வைத்திருக்கிற வீடுகள் இந்த ஊரில் எம்புட்டு இருக்கின்றன என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அவையெல்லாம் கடைசியில் ஆனையூரில் இருக்கும் எங்கள் தகரக் கொட்டகைக்குத்தான் வரவேண்டும். நானும் என் வீட்டுக்காரரும்தான் வேலை. தூசி தட்டுவது, தண்ணீர் விடுவது அவர் பாடு. சாயம், பட்டு, கிழிசல் எல்லாம் என் பாடு.

போன கோடையில் ஒரு காலை கோரிப்பாளையத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அழுத அழுகையில் ஏதோ சாவு என்றே நினைத்துவிட்டேன். "கம்பளம் நாசமாப் போச்சுக்கா" என்றாள். "அடிப் பாவி மகளே, என் உசுரு போயி வந்துச்சு" என்று திட்டிவிட்டு, குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம்.

மொட்டை மாடிச் சுவரில் கிடந்தது கம்பளம். நடுவில் யானைத் தந்த நிறத்தில் நல்ல ஆட்டு ரோமம், அதில் பட்டு நூலால் பூக்கள், சுற்றிலும் மாதுளைச் சிவப்பில் ஓரம். அந்த ஓரத்துச் சிவப்பு ஒழுகி நடுப்பகுதி முழுக்கத் திட்டுத்திட்டாக ஏறியிருந்தது. மேலே வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது.

"என்னத்தப் போட்டுத் துவைச்ச?"

"கல் உப்புக்கா. புதுச் சுங்குடிச் சேலைய முதல்ல உப்புத் தண்ணிலதான ஊறப் போடுவோம், சாயம் நிக்கிறதுக்கு? அதே மாதிரிதான் டிரம்முல ஊற வச்சேன்."

இவளைத் திட்டி என்ன செய்ய? மதுரையில் பிறந்த எந்தப் பெண்ணும் இதைத்தான் செய்வாள். நானே செய்திருப்பேன். "சுங்குடி பருத்திம்மா. இது ரோமமும் பட்டும். தண்ணில ஊறுனா சிவப்பு கழண்டு வந்துரும், பக்கத்துல இருக்க வெள்ளை அதை வாங்கிக் குடிச்சிரும். உப்பு உள்ளயே உக்காந்து ஈரத்த இழுத்துக்கிட்டே கெடக்கும்" என்றேன்.

அவளுடைய அத்தா, அதாவது அப்பா, குவைத்தில் டிரைவர். அங்கே இன்னும் இரண்டு பேரோடு ஒரே அறையில் தரையில் படுத்துக்கொண்டு, மிச்சம் பிடித்து வாங்கி அனுப்பியதாம் இந்தக் கம்பளம். நிக்காஹ் அன்றைக்கு மகள் இதன்மேல்தான் உட்கார வேண்டும் என்று சொல்லி, அதுவரை ஒருநாள்கூட விரிக்கவிடாமல் பீரோ மேல் சுற்றி வைத்திருந்தார்கள். பாச்சா உருண்டை நாற்றம் போகட்டும் என்று இவள் யாருக்கும் சொல்லாமல் துவைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். அத்தா சனிக்கிழமை வருகிறார்.

"வைவாரா?" என்று கேட்டேன்.

"வைய மாட்டாருக்கா. ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போயிருவாரு. அதத்தான் என்னால தாங்க முடியாது."

என் வீட்டுக்காரர் காதோரம், "முடியாதுன்னு சொல்லிரு, பேரு கெட்டுப் போகும்" என்றார். முடியாது என்று யாராவது சொன்னால் போதும், எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்று ஏறும். அந்தப் பெண் மேல் பரிதாபமும் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், அந்தச் சிவப்பை விரட்டிப் பார்க்க வேண்டும் என்ற வெறிதான் அதிகம். "தூக்குங்க வண்டில" என்றேன்.

முதலில் உப்பை எடுக்க வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீரே உப்பு. அதை வைத்து உப்பை எடுப்பதா? நல்ல தண்ணீர் லாரிக்குச் சொல்லித் தொட்டியை நிரப்பினோம். அலசி அலசி விட்டோம். ஒவ்வொரு அலசலுக்கும் கம்பளத்திலிருந்து வடிகிற தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற அந்தப் பெண், "ஐயே, அக்கா!" என்று முகத்தைச் சுளித்தாள். "உன் கைவரிசைதான தாயீ, ருசியாத்தான் இருக்கு" என்றேன். தினமும் வந்துவிடுவாள். கல்யாணப் பெண் இப்படி வெயிலில் அலையக்கூடாது என்று சொன்னாலும் கேட்கமாட்டாள். "அத்தா கூடப் பேசுனியா?" என்று ஒருநாள் கேட்டேன். "கம்பளம் சரியாகட்டும்க்கா, பிறகு பேசுறேன்" என்றாள்.

உப்புக் கரிப்பு நின்ற பிறகு, ஓரத்துச் சிவப்பு இனிமேல் அசையாதபடி வினிகர்த் தண்ணீர் காட்டினோம். அதன்பின் நடுப்பகுதிக்கு மட்டும் சாயம் கழற்றும் மருந்து. இங்கேதான் கண்டம். மருந்து குறைந்தால் ஒன்றும் நடக்காது, கூடினால் பட்டுப் பூவெல்லாம் வெளுத்துப் பஞ்சாகிவிடும். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவையும் சிவப்பு பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் மூலையில் முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பதறாத காரியம் சிதறாது என்று அவளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு நானே மருந்து டப்பாவைக் கீழே போட்டேன்.

மூன்றாவது தடவை மருந்தோடு கொஞ்சம் வெதுவெதுப்பும் சேர்த்தேன். குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நூலின் அடியிலிருந்து புகை மாதிரி ஒரு சிவப்பு கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் ரோஸ்மில்க்காக மாறிவிட்டது! "ஏங்க! வருதுங்க! வந்துருச்சுங்க!" என்று கத்தினேன். அவர் மோட்டாரைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது, எதிர்வீட்டுக்காரர் சத்தம் போட்டார், யாருக்குக் கேட்டது? நானும் அந்தப் பெண்ணும் ரோஸ் தண்ணீரில் நின்றுகொண்டு கைகோத்துக் குதித்தோம். இந்த வயதில் இப்படிக் குதித்தேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

ரோமத்தைக் காயவைப்பதிலும் அவசரம் ஆகாது. வெயிலில் போட்டால் பட்டு மொடமொடத்துப் போகும். மூங்கில் தட்டியில் படுக்கப்போட்டு, இருந்த மின்விசிறிகளையெல்லாம் அதன் பக்கம் திருப்பினோம். ஈரமாக இருக்கும்போதே நூல் படுத்திருக்கிற போக்கில் மெதுவாகச் சீவிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழே இறக்கித் தரையில் விரித்தோம். அம்மாடி! இந்தப் பக்கம் நின்றால் பூக்கள் வெளிர், அந்தப் பக்கம் போனால் அடர்த்தி. நடுவில் தந்த நிறம் பளிச்சென்று இருந்தது. எனக்கே திருஷ்டி கழிக்கத் தோன்றியது. ஒரே ஒரு மூலையில் உள்ளங்கையளவு ரோஸ் சாயல் மிச்சம். சாயங்காலத்துக்குள் அதையும் எடுத்துவிடலாம்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ நின்றது. பெரிய பெட்டியோடு ஒருவர் இறங்கினார். அந்தப் பெண் என் முதுகுக்குப் பின்னால் போய், "அக்கா, அத்தா!" என்றாள். ஒருநாள் முன்னதாகவே வந்துவிட்டார். திருச்சியில் விமானம் இறங்கி, பஸ்ஸில் மாட்டுத்தாவணி வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறார். சரி, நானே சொல்லிச் சமாளிப்போம் என்று, "வாங்கண்ணே, கம்பளத்தப் பாருங்க, இந்த ஓரமா வந்து…" என்று ஆரம்பித்தேன்.

அந்த மனுஷன் கம்பளத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியை வாசலில் போட்டுவிட்டு, ஷூ காலோடு அதன் நட்டநடுவில் நடந்து மகளிடம் வந்தார்.

"ஏம்மா போன எடுக்கல?"

"அத்தா, நான் வந்து… உப்புத் தண்ணில…"

"உங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டா, நீ இங்கதான் இருப்பன்னும் அவதான் சொன்னா. போனா போகட்டும், நீ மனசக் கொழப்பிக்காதன்னு சொல்லத்தான் போன் மேல போன் போட்டேன். நீ எடுக்கவே இல்ல. உனக்கு என்னமோ ஏதோன்னு டிக்கெட்ட மாத்திக்கிட்டு ஓடியாறேன்."

அவள் அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே கம்பளத்தின் மேல் நின்றிருந்தார். 'ஷூ, ஷூ' என்று கத்த வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அழுத்தினார். அம்புட்டுப் பாடுபட்டு எடுத்த தந்த நிறத்தில், வாசலிலிருந்து மகள் நின்ற இடம் வரைக்கும் வரிசையாகச் செம்மண் தடம். சாயங்காலம் உட்கார்ந்து அதைக் கழுவினேன். அவ்வளவு சந்தோஷமாக எந்த அழுக்கையும் நான் கழுவியதில்லை.