காரணம் கேட்கக் கூடாத உரிமை

ஊர் உணவுக்கடையில், தட்டில் முட்டையும் பன்றிக்கறியும் வந்து விழுவதற்குள் வெர்லின் ஸ்ட்ரவுட் சட்டைப்பையிலிருந்து அமெரிக்க அரசியல் சட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். உள்ளங்கை அளவுப் புத்தகம். இரண்டாவது திருத்தம் இருக்கும் பக்கத்தில் மட்டும் காபிக் கறை. மற்றவையெல்லாம் கை படாத புதுசு.

"ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது" என்று எங்கள் பாதிரியாரைவிட உருக்கமாக ஒப்பிப்பார்.

"அதுக்கு முன்னாடி ஏதோ படைன்னு போட்டிருக்கே, நீங்க எந்தப் படை மிஸ்டர் வெர்லின்? குனிஞ்சா முட்டி நொறுங்குற சத்தம் தெருவுக்கே கேக்குது" என்பேன் நான்.

"படைன்னா சனம்டா. நீ, நான், அந்தா மேசை துடைக்கிற டார்லீன், எல்லாரும்தான். வாயைத் திறந்து பேசுறதுக்கு லைசென்ஸ் வாங்குனியா? கேட்டிருந்தா உனக்கு எவன் குடுத்திருப்பான்? உரிமைக்குக் காரணம் சொல்லக் கூடாது. சொல்லிக் கெஞ்சுனா அதுக்குப் பேரு சலுகை."

வாய்க்கொழுப்பால் பள்ளியில் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நிற்பவன் நான். என்றாலும் இந்தக் கடைசி வரியை மடக்க ஒரு பதில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டிராக்டர் பழுது பார்ப்பது அவர் தொழில். மான் வேட்டைக்காகப் பள்ளிக்கே விடுமுறை விடும் எங்கள் மிசோரி மலையூரில், அவர் சுடும் முதல் மான் விதவைகள் வீட்டுக்குத்தான் போகும். "வீட்டில் துப்பாக்கி உண்டா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "உங்க வீட்டுல பைபிள் உண்டா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்காமலே எழுந்து வந்தவர்.

மகன் பிரான்ட் ராணுவத்திலிருந்து திரும்பிய பிறகு, முற்றத்தில் நிற்கும் டிரக்குக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறான். எங்கும் போவதில்லை. எங்கள் நாயை அடிக்கடி டிரக்கில் அவன் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன். அது தானாக ஓடிப்போகிறது என்றுதான் வெளியில் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை வெர்லினின் மனைவி லொரெட்டா உணவுக்கடைக்கே வந்துவிட்டார். "கொஞ்ச நாளைக்கு எல்லாத் துப்பாக்கியையும் வெளிய குடுத்து வையேன். பையன் பார்வையே சரியில்ல."

"அரசாங்கமே கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"நான் அரசாங்கம் இல்ல. அவனைப் பெத்தவ. அந்தப் புத்தகத்துல என் புள்ளைக்கு ஒரு வரி இருந்தா வாசிச்சுக் காட்டு."

வெர்லின் புத்தகத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாப்பாட்டுப் பெட்டியோடு எங்கள் சமையலறைக்கு வந்தார். உள்ளே வேட்டைத் துப்பாக்கிகளின் போல்ட்டுகள், குண்டைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் துண்டுகள். அவற்றைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறும் குழாய்தான்.

"உங்க ஃப்ரீசர்ல கறிக்கு அடியில போட்டு வைங்க" என்றார் அம்மாவிடம். "எவனும் பறிக்கல. நானும் ஒப்படைக்கல. துப்பாக்கியெல்லாம் என் சுவத்துலதான் தொங்குது."

"இடுப்புல சொருகியிருக்கிற கைத்துப்பாக்கி?" என்று கேட்டாள் அம்மா.

"அது என்கூட இருக்கும்."

அம்மா ஃப்ரீசரை ஓங்கிச் சாத்தினாள்.

ஞாயிறு மதியம் வெர்லின் வீட்டில் எனக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். வெகுநாள் கழித்து பிரான்ட் டிரக்கிலிருந்து இறங்கி வந்து, அப்பாவின் வலப்பக்கம் உட்கார்ந்தான். ஜெபம் முடிந்ததும் வெர்லின் பெல்ட்டைப் பிடித்து இழுத்து, கைத்துப்பாக்கியை மகனுக்கு எட்டாத இடப்பக்கம் தள்ளிக்கொண்டார். இடக்கையால் அதைப் பொத்தியபடி வலக்கையால் கிழங்கைக் குத்தினார். "சாப்பிடு மகனே."

பிரான்ட் அந்தக் கையையே பார்த்தான். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் அப்பாவின் கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் விரித்து வைத்தான்.