மிளகைக் கறியென்று எழுதிய பிழை

சோளக்காடு என்னும் மலையூரில் மிளகு பறிக்கும் வேலையை ஒப்பந்தத்திற்கு எடுத்துச் செய்பவர் செல்லமுத்து. தம் ஆட்கள் எண்மருக்கும் விபத்துக் காப்பீடு எடுக்க, படிவத்தை நிரப்பித் தருமாறு, ஊராருக்குப் படிவம் எழுதித் தரும் என்னிடம் கேட்டார். தொழில் என்னுமிடத்தில், மிளகின் பழந்தமிழ்ப் பெயர்மேல் கொண்ட பற்றினால், ‘கறி கொய்தல்’ என்றெழுதினேன்.

சென்ற தை மாதத்தில், மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் சாத்திய ஏணி சறுக்கியதால், ஆட்களுள் ஒருவரான பெரியசாமி இடுப்புக் கயிற்றில் தொங்கினார். நல்வாய்ப்பாகக் காயமின்றி இறங்கினார். அன்றே காப்பீட்டுத் தாளைப் பிரித்துப் பார்த்தோம். ‘இறைச்சிக்கடைப் பணியாளர்’ என்றிருந்தது. மரத்திலிருந்து விழுந்தால் இழப்பீடு இல்லை.

“ஏனுங்கய்யா, மரத்துல இருந்து உழுந்தா, ஆடு முட்டிருச்சுன்னு சொல்லோணுமுங்களா?” என்றார் பெரியசாமி. நாணத்தை மீறி நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் செம்மேட்டில் காப்பீட்டு முகவரைக் கண்டோம். “ஒரு கறிக்கடைக்கு எட்டு ஆளான்னு அப்பவே ரோசன பண்ணுனனுங்க!” என்றார் அவர். மரமேறுவோர்க்குக் கட்டணம் கூடுதல். செல்லமுத்து முகஞ்சுளிக்காமல் செலுத்தினார். திருத்திய தாள் கைக்கு வரும்வரை ஒருவரையும் ஏணியில் ஏறவிடவில்லை.

இப்பொழுதெல்லாம் படிவத்தை எழுதியதும், வேலை செய்பவரிடமே படித்துக் காட்டுகிறேன். “ஆமாங்க, இது எங்க வேலதானுங்க” என்று அவர் சொன்ன பின்னரே அது என் கையைவிட்டுப் போகிறது.