வெந்நீர் அண்டாவில் போட்ட கல்

சென்ற ஆண்டு, புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள். திருப்பதியில், ரேணிகுண்டா சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் உடம்பு ஒருமுறை உதறிப் போடுகிறது.

என் கணவர் செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். குடி, சீட்டு எதுவும் கிடையாது. அதற்கெல்லாம் சேர்த்து வைத்தாற்போல் ஒரு மீன்தொட்டிப் பைத்தியம். அதுவும் கடல் தண்ணீர்த் தொட்டி. ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். மீன்கள் கொஞ்சம், பவளங்கள் நிறைய. எல்லாம் சென்னையில் ஒரு கடையில் வாங்கியவை. வந்த புதிதில் பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கல்யாண வீட்டு சீரியல் செட் போல ஜொலித்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். நகரியிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் என் மாமியாரோ டிவியை விட்டுவிட்டு அதன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். மகன் வேலைக்குப் போனதும் மீனுக்கு இன்னொரு பிடி தீனி போடுவார். கேட்டால், "பாவம், என்னையே பாத்துக்கினு கீது" என்பார்.

சில மாதங்களில் பவளங்களின் நிறமெல்லாம் மங்கி, வடிகட்டிய டீத்தூள் மாதிரி ஆகிவிட்டது. போதாததற்கு, பவளங்களோடு வாங்கிய ஒரு கல்லின் மேல் பழுப்பாக, சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ படர்ந்து, பக்கத்துப் பவளங்களையும் மூட ஆரம்பித்தது. அதை ஒழித்தால் மற்றவற்றுக்கு நிறம் திரும்பிவிடும் என்று கணவர் முடிவு கட்டினார்.

அன்றைக்கு வீட்டில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. புரட்டாசி முழுக்க எங்களுக்கு அசைவம் ஆகாது. மாதம் பிறக்கும் முன் கவிச்சி பட்ட பாத்திரங்களை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துவிடுவோம். மதியம் மீன்குழம்போடு அசைவத்துக்கு விடை கொடுத்துவிட்டு, மாமியார் அடுப்பில் அண்டாவை ஏற்றினார். வெளியே மழை என்று சமையலறை ஜன்னலைச் சாத்தியிருந்தோம். கணவர் அந்தக் கல்லை எடுத்து வந்து, பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்துப் பார்த்தார். அந்தப் பொத்தான்கள் அசையவில்லை.

"அடி புடிச்ச சட்டியே வெந்நீர்ல உரிஞ்சிக்கினு வந்துடுது. இது எம்மாத்திரம்? இங்க குடுடா" என்று வாங்கி அண்டாவில் போட்டார் மாமியார்.

"நல்ல ஐடியாம்மா" என்று கணவர் ஹாலுக்குப் போய்விட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வாயில் பழைய காசைப் போட்டு வைத்தது போல ஒரு கசப்பு. பிறகு இருமல். சாயங்காலத்துக்குள் எனக்குக் குளிர் நடுக்கியது. மாமியாரைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நெஞ்ச யாரோ மிதிக்கறாப்ல கீதுமே" என்றார்.

மீன்குழம்புதான் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவசரப் பிரிவில் மாமியாருக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மீன்குழம்பு என்றதும் அங்கிருந்த டாக்டரம்மா என் கணவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்.

"குழம்பு இவரும் தின்னாரு கதா? இவருக்கு மட்டும் ஒண்ணும் ஆவலியே. வண்ட ரூம்ல, அதான் சமையல் ரூம்ல, நீங்க ரெண்டு பேரும் வேற என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பாத்திரம் வெந்நீர்ல போட்டோம். கூட ஒரு கல்லு" என்றேன். சொல்லும்போதே எனக்கு அசட்டுத்தனமாக இருந்தது.

என்ன கல் என்று கேட்டார். கணவருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.  விஷயத்தைக் கேட்டதும் அவர் கத்தினார்: "கொதிக்க வெச்சீங்களா? சார், அந்தப் பழுப்புப் பட்டன்ல விஷம் இருக்குது! ஆவியில ஏறி வரும். யாரும் வீட்டுக்குள்ள போவாதீங்க!"

 காசு கொடுத்து வாங்கி, ஹாலில் வைத்து, விளக்குப் போட்டு அழகு பார்த்த ஒன்று. இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சுக்குத் துணை கொடுத்துக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு ஊசியோடும் மருந்துப் புகையோடும் போயிற்று. மாமியாரை ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். என் கணவர் அந்தக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எந்த சாமியை வேண்டிக்கொள்வது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மாமியார் பிழைத்துக்கொண்டார். சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு, கணவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். மாமியார் மகனை நன்றாகத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றுகூட இருந்தது. அவரோ வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. கல்லுன்னுதானடா சொன்ன?"

"கீழ இருக்கறதுதாம்மா கல்லு. மேல படர்ந்திருந்தது உசுரு. மீனு மாதிரி அதுவும் ஒரு பிராணி."

"அப்ப, உசுரோடவா வேக வச்சேன்?"

மூச்சுக்குத் தவித்தபோதுகூட அழாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "கவிச்சியே ஆவாதுன்னு வீட்டக் கழுவிக்கினு, அதே அண்டாவுல ஒரு உசுர வேக வச்சிட்டனேமே. கத்தக்கூட முடியலியே அதால."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை, அது எங்களைக் கொல்லப் பார்த்தது என்றுதான் சொந்தக்காரர்களிடமெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆள் வைத்து வீட்டைச் சுத்தம் செய்த பிறகுதான் திரும்பிப் போனோம். தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால் மாமியார் விடவில்லை. தீனி அதிகமாகித் தண்ணீர் கெட்டதால்தான் நிறம் மங்கியது என்று கடைக்காரர் சொல்ல, இப்போது மாமியார் தீனிப் பக்கமே போகாமல், கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரை ஒழுங்காக மாற்றி வருகிறார் கணவர். பச்சையும் ஊதாவும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். அழகுதான். ஆனால் சத்தம் போடாததெல்லாம் வெறும் கல் என்று நான் எவ்வளவு சுலபமாக நம்பியிருந்தேன் என்பது, உயிர் பிழைத்து வந்த பிறகும் என்னை அதிர வைத்துக்கொண்டே இருக்கிறது.