கிட்டாரும் வறுத்த கடலையும்

கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் ஒரு சத்தம் வரும். உள்ளே விழுந்த பிக், அதாவது தந்தி மீட்டும் சின்னத் தகடு, மரத்தில் மோதி மோதி நகரும் சத்தம். வட்டத் துளைக்கு நேராக அது வந்து விழும்வரை குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1957இல் பெரும்பாலான மாலைகளில் செங்கற்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து தெருவுக்குக் கேட்ட சங்கீதம் இதுதான்.

"இன்னாங்க, மறுபடியும் உண்டியல் குலுக்கறீங்களா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்பாள்.

வருஷத்தை உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. அணா போய் நயா பைசா வந்திருந்த சமயம் அது. பஸ் கண்டக்டரான என் நண்பன் பகலெல்லாம் பிரயாணிகளுக்குப் புதுக்கணக்கை விளக்கி விளக்கித் தொண்டை கட்டிப்போய் மாலையில் எங்கள் வீட்டுக்கு வருவான். வாய்விட்டுப் பாட முடியாத கோபத்தையெல்லாம் தன் ஆர்மோனியத்தின் மேல் காட்டுவான்.

கிட்டார் வந்தது அதே வருஷம் கோடையில். ரயில்வே காலனியில் குடியிருந்த ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமான்களை விற்றது. கட்டிலும் மேஜையும் விலைபோன பிறகு மிஞ்சி நின்ற கிட்டாரை நான் வாங்கி வந்தேன். பெட்டிக்குள் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகமும் ஒரு பிக்கும் இருந்தன. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, முனை மழுங்கிய முக்கோணச் செல்லுலாய்டுத் தகடு அது. அதைக்கொண்டுதான் தந்திகளை மீட்ட வேண்டும்.

எதையும் படித்தே தெரிந்துகொள்கிற ஆள் நான். பல்லவர் சரித்திரம், வானசாஸ்திரம், தேனீ வளர்ப்பு எல்லாம் படித்திருந்தேன். ஒரு தேனீயையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. அந்தக் கிட்டார் புத்தகத்தையும் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். பிக்கை உறுதியாகப் பிடிக்க வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அது வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. கூடவே ஒரு படம். அதில் கையின் புறம்தான் தெரிந்தது. விரல்கள் உள்ளே என்ன செய்கின்றன என்பதைப் படம் வரைந்தவர் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே விதமாகப் பிடித்தேன். தாலுகா ஆபீஸில் அப்போது நான் குமாஸ்தா. காப்பியிங் பென்சிலைப் பிடித்து, அடியில் இருக்கும் கடைசிக் கார்பன் படியிலும் எழுத்து விழும்படி அழுத்தி எழுதுவதே வேலை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றின் நுனியும் ஒரே இடத்தில் கூடி நெருக்கும். பிக்கும் அந்த மூன்று நுனிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. தந்தியில் பட்டதும் சுழலும். சுழல்கிறதே என்று இன்னும் இறுக்குவேன். இறுக்கியதும் வழுக்கித் துளைக்குள் குதிக்கும்.

"இன்னா மச்சான், தந்தியில கார்பன் காப்பி எடுத்துகினு கீறியா?" என்பான் நண்பன்.

ஆவணி மாதத்தில் அவன் தங்கைக்கு நிச்சயமாயிற்று. அவன் சொந்த ஊரான மாமல்லபுரத்தில் தை மாதம் கல்யாணம். மகாபலிபுரம் என்றுதான் அப்போது சொல்வோம். கல்யாணத்தன்று சாயங்காலம் பந்தலில் பாட்டுக் கச்சேரி வைப்பதாக முடிவு செய்தான். ஆர்மோனியம் அவன், தபேலா அவனுடைய டிப்போ மெக்கானிக், கிட்டார் நான். அதுவரை கச்சேரி என்றால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஒரே ஒரு தடவையாவது மேடையில் உட்கார்ந்து, கீழே இருப்பவர்களைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

குற்றம் பிக்கின் மேல்தான் என்று முதலில் நினைத்தேன். வழுவழுப்பு போகட்டும் என்று அதன் இரு பக்கமும் அரக்கை உருக்கிச் சொட்டு வைத்தேன். (கடையில் வாங்கிய அரக்கு, ஆபீஸ் அரக்கு அல்ல.) கைச்சூட்டில் அது பிசுபிசுத்து விரலோடு வந்தது. நண்பன் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்தான். பிக் பஞ்சர் ஒட்டிய டியூப் போலக் கனத்து, தந்தியில் பட்டால் பொத்தென்று சத்தம் போட்டது. பிறகு செல்லுலாய்டுச் சீப்பை அறுத்துப் புதிய பிக்குகள் செய்தேன்.

"பாதி சீப்ப வச்சு நான் பாதித் தலைய வாரிக்கணுமா?" என்றாள் மனைவி.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகைக்காக வாசிப்பவர்கள் மூவரும் நண்பன் ஊருக்குப் போனோம். கடல் பார்க்க மனைவியும் கூட வந்தாள். கரையோரம் சவுக்குத்தோப்பில் பாய் விரித்து உட்கார்ந்தோம். உப்புக்காற்றில் விரலெல்லாம் பிசுக்கு. முதல் பாட்டின் சரணத்திலேயே பிக் தெறித்து மணலில் விழுந்தது. மூவரும் மண்டியிட்டுத் தேடினோம். கிடைத்த பிறகு மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி விழுந்தது.

நண்பன் ஆர்மோனியத்தை மூடினான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"மச்சான், தப்பா நெனைக்காத. சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ல மாண்டலின் வாசிக்கிறவரு ஒருத்தரு கீறாரு. பொங்க வரைக்கும் பாக்கறேன். மேடையில நீ கிட்டாரக் குலுக்கினு கீறத மாப்ள வூட்டுக்காரங்க பாத்தா, தங்கச்சிக்குத்தான் அசிங்கம்."

அவன் சொன்னது நியாயம். பிக்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றது. புதுக்கடலை வந்திருந்த பருவம். மனைவி ஜன்னல் வழியாக வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கினாள். அவள் ஓட்டை உடைத்துக் கொடுக்க, நான் சிவப்புத் தோலைத் தேய்த்து ஊதிவிட்டுப் பாதியை அவளுக்கும் பாதியை எனக்குமாகப் பிரித்துக்கொண்டு வந்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"கடலைய மட்டும் எவ்ளோ பூவாட்டம் புடிக்கிறீங்க! அந்தத் தகட்ட மட்டும் இன்னாத்துக்குக் கழுத்த நெரிக்கிறீங்க?"

சீண்டலாகத்தான் சொன்னாள். நான் குனிந்து கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் உள்பக்கம் மடங்கியிருந்தது. அதன் பக்கவாட்டில் கடலை. அதன் மேல் கட்டைவிரல் படுத்துக்கொண்டிருந்தது. நுனிகள் எதுவும் எதையும் நெருக்கவில்லை. நடுவிரலுக்கு வேலையே இல்லை. அழுத்தினால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். விட்டால் உருண்டு ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் தோல் மட்டும் கழன்று வருகிறது. அந்த ஆங்கிலப் புத்தகக்காரர் சொல்ல வந்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. கடலையை வாயில் போட்டுக்கொண்டு, அது இருந்த இடத்தில் பிக்கை வைத்தேன். முன் சீட்டின் கம்பியில் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். பிக் அசையவில்லை. செங்கற்பட்டு வரும்வரை தட்டிக்கொண்டே வந்தேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. பத்து வருஷப் பென்சில் பழக்கம் பாதிப் பாட்டில் திரும்பி வந்துவிடும். வந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு நாலு கடலை உரிப்பேன். கை ஞாபகப்படுத்திக்கொள்ளும். மறுபடி எடுப்பேன். போகி அன்று மாலை நண்பன் வந்து, கதவோரம் நின்றபடியே கச்சேரிக்கான மூன்று பாட்டையும் கேட்டான். "சரி, வா" என்று மட்டும் சொன்னான். சிங்கப்பெருமாள் கோயில்காரரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

கல்யாணப் பந்தலில் முதல் வரிசையில் ஒருவர் மடியில் துணி சுற்றிய மாண்டலினோடு உட்கார்ந்திருந்தார். நான் நண்பனைப் பார்த்தேன்.

"சும்மா, விருந்துக்குத்தான் வந்துகீறாரு" என்று ஆர்மோனியத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

முதல் பாட்டு நன்றாகவே போயிற்று. இரண்டாவது பாட்டில் காற்று பந்தலைத் தூக்கி அடித்தது; என் உள்ளங்கை வியர்த்தது; பிக் மெல்லச் சுழல ஆரம்பித்தது. பெண்கள் பக்கம் பார்த்தேன். மனைவி கட்டைவிரலைச் சுட்டுவிரலின் மேல் வைத்துத் தேய்த்துக் காட்டினாள். நான் பிடியைத் தளர்த்தினேன். இறுக்கவில்லை, தளர்த்தினேன். கட்டைவிரல் லேசாக உருட்ட, பிக் தன் இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. பாட்டு நிற்கவில்லை.

மூன்றாவதும் முடிந்தது. எங்கள் கைவசம் இருந்தது அவ்வளவுதான். "இன்னும் ஒண்ணு!" என்று மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து கூச்சல் வந்தது. நண்பன் முதல் வரிசையைப் பார்த்துக் கை காட்டினான். மாண்டலின்காரர் துணியை அவிழ்த்துக்கொண்டு மேடை ஏறி வந்தார். நான் எழுந்து இடம் விடப் போனேன். என் தோளில் கை வைத்து உட்கார்த்தினார்.

"நீங்க எங்க போறீங்க? பின்னால வாசிங்க." பிறகு என் வலது கையைக் கூர்ந்து பார்த்தார். "புடி நல்லா கீதே. எங்க கத்துகினீங்க?"

"மகாபலிபுரம் பஸ்ஸுல" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே சுருதி சேர்த்தார். நான் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.