ஒரு கையில் நீல மயில், மறு கையில் சிவப்பு மயில்

நூம்பல் லோகநாயகிக்குத் திரை இருண்டுபோன பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், சோறு ஆறினாலும் கவலையில்லை. அவள் அப்பாவின் கத்திரித் தோட்டத்தில் இப்போது ஐந்து மாடிக் கட்டடம் நிற்கிறது. அங்கே குடியிருக்கும் ஐ.டி. பிள்ளைகள் அவளுக்கு நடந்துகொண்டேதான் வணக்கம் வைப்பார்கள். நின்றால் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளின் கதையை ஆரம்பித்துவிடுவாள்.

லினக்ஸ் வந்த புதிதில் திரையில் படம் தெரிய வேண்டுமானால், கிராபிக்ஸ் கார்டில் இருப்பது எந்தச் சிப் என்று நாமே பார்த்து எழுதித்தர வேண்டும். சிப்பை இயக்கும் டிரைவர் என்கிற நிரல் சிப்புக்குச் சிப்பு வேறு; பாதிச் சிப்புகளுக்கு டிரைவரே கிடையாது. மானிட்டரின் வேகத்தையும் தப்பாக எழுதிவிட்டால் அது விசிலடிக்கும். லோகநாயகி கைபட்டு ஒரு மானிட்டர் அடித்த விசிலில், நசரத்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகள் ஓரங்கட்டி, டிரைவர்கள் லைசென்ஸும் கையுமாக இறங்கி நின்றார்கள். நம்பாதவர்கள் லாரிக்காரர்களையே கேட்டுக்கொள்ளலாம்.

போன வைகாசியில் கரையான்சாவடி சாவித்திரி அவளுக்குப் போன் செய்தாள். சாவித்திரி வைத்திருப்பது, கம்ப்யூட்டர் காட்டும் வழியில் மெஷின் தைக்கிற எம்பிராய்டரி கடை. அன்று மாலை அவள் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு வரவேற்பு. மணப்பெண்ணின் ரவிக்கையில் ஒரு கைக்கு மயில் போட்டு முடித்து, மறு கைத் துணியை மெஷினில் மாட்டும்போது திரை கறுத்துவிட்டது. அந்த மயில் டிசைன் இருப்பதோ கடையின் பழைய லினக்ஸ் பெட்டியில் மட்டும். வேறு எதிலும் திறக்காது.

லோகநாயகி ஸ்கூட்டரில் பறந்து வந்து முகர்ந்து பார்த்தாள். கார்டு கருகியிருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிக்குப் பொருந்துகிற கார்டு, பக்கத்துத் தெருவில் பழைய சாமான் விற்கும் பரந்தாமனிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சிப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகிக் கிடந்தன. விற்காத சரக்குக்கும் ஆயுத பூஜை தவறக் கூடாது என்பது பரந்தாமனின் கொள்கை. வருஷா வருஷம் பொட்டின் மேல் பொட்டு.

"இன்னா நைனா, சிப்புல போயா பொட்டு வெப்பாங்க?"

"வேற எங்கக்கா வெக்கறது? அதான் நெத்தி மாரி கீது."

சிப்பைத் தானாகக் கண்டுபிடிக்க ஒரு கட்டளை உண்டு. கார்டை மாட்டி அதைக் கொடுத்ததும் பெட்டி அப்படியே உறைந்து நின்றது. கொண்டை ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினாள். சந்தனம் பெயர்ந்தது, கூடவே சிப்பின் பெயரும் உரிந்து வந்தது. பிறகு நினைவிலிருந்த டிரைவர்களை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டாள். திரையில் கோடு வந்தது, புள்ளி வந்தது, மயில் வரவில்லை. அதற்குள் கிருஷ்ணப்பிரியா தலையலங்காரம் முடித்து, ரவிக்கை எங்கே என்று மண்டபத்திலிருந்து போன் செய்துவிட்டாள். சாவித்திரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எந்தக் கார்டிலும் ஓடுகிற பொது டிரைவர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. காட்டுவது பதினாறே நிறம்; மற்ற நிறமெல்லாம் மாறித் தெரியும். ரேஷன் டிரைவர் என்று பெயர் வைத்து, ஜன்மத்தில் தொடமாட்டேன் என்று சொல்லித் திரிந்தவள் லோகநாயகி. சாவித்திரியின் முகத்தைப் பார்த்தாள். அதைப் போட்டாள். மயில் வந்தது.

"இன்னாக்கா, கழுத்து செவப்பா கீது?"

"ஊசிக்கு இன்னா கண்ணா கீது? அது போற வழி தெரிஞ்சா போதும். நூலை நீ முடிஞ்ச கையப் பார்த்துக் கோர்."

சாவித்திரி எத்தனையோ வருஷமாகத் திரையைப் பார்த்தே நூல் கோர்த்துப் பழகியவள். அவசரத்தில் கை அந்த வழக்கத்துக்கே போய்விட்டது. லோகநாயகியோ பெட்டி மறுபடி உறைந்துவிடுமோ என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தையல் முடிந்து துணியை எடுத்தபோதுதான் இருவரும் பார்த்தார்கள், மயிலுக்குச் சிவப்புக் கழுத்து. பிரிக்க நேரமில்லை. கையைச் சேர்த்துத் தைத்து, ஸ்கூட்டரில் கொண்டுபோய் மணப்பெண்ணுக்கு மாட்டிவிட்டார்கள். 

மேடையில் மாமியார் மருமகளின் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார். ஒரு மயில் நீலம், ஒரு மயில் சிவப்பு, இது என்ன கணக்கு என்று கேட்டார்.

கிருஷ்ணப்பிரியா கொஞ்சமும் அசரவில்லை. "நீலம் உங்க புள்ள, அத்த. சிவப்பு நானு. இப்பவே பார்த்து வெச்சுக்கோங்க."

மாமியார் சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரருக்கே சுருதி தப்பியது.