தொட்டி நிறைந்திருந்த வியாழக்கிழமை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேளுக்குறிச்சியில் விடிவதற்குள் சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறிக் கொல்லிமலை ஏறி, ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியையாக நாள் முழுக்க நிற்பவளுக்கு அது கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த வருடம் என் கோபம் முழுவதும் ஒரு தண்ணீர்த் தொட்டியின் மேல்தான். பெண் பிள்ளைகளுக்கென்று டைல்ஸ் பதித்த கழிப்பறை இருந்தது. அதன் மேல் கறுப்புத் தொட்டியும் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை, போர்வெல் வற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய பெண்கள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மாதத்தில் சில நாள் வரவே மாட்டார்கள். எட்டாம் வகுப்பில் ஒருத்தி, நான் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள், தீபாவளிக்குப் பிறகு அடியோடு நின்றுவிட்டாள்.

இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவும் மகளும் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எனக்குக் கட்டங்காப்பி கொடுத்தார். “வயசுக்கு வந்த புள்ளைங்க டீச்சர். அங்க வந்து பொழுதுக்கும் எப்பிடிங்க இருப்பா?” என்றார். இந்த வருடத்தோடு விட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் வகுப்பு என்பதே கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம் வீணாகச் சண்டை போட்டேன்.

அப்போதுதான் சென்னை அறக்கட்டளை ஒன்று கல்வித் துறையோடு சேர்ந்து மலைப் பள்ளிகளுக்கு உதவப் போவதாகத் தகவல் வந்தது. எழுதினேன், எழுதினேன், கை ஓயும்வரை எழுதினேன். கடைசிப் பட்டியலில் இரண்டு பள்ளிகள் நின்றன. எங்களுடையது ஒன்று, மலையில் ‘நாடு’ என்று சொல்லும் பக்கத்து ஊராட்சியில் இன்னொன்று. நேரில் பார்த்து, எதற்குத் தேவை அதிகமோ அதற்குச் செய்வார்கள். வியாழக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், எல்லோரும் வந்துவிடுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டு, இரண்டு நாள் பயிற்சிக்காக நாமக்கல் போனேன். நான் செய்த தப்பு அதுதான்.

வியாழக்கிழமை, பள்ளியைப் பார்க்க வந்த அறக்கட்டளை அம்மாவின் காரிலேயே நாமக்கல்லிலிருந்து மலை ஏறினேன். பாவம், பாதி வளைவிலேயே அவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். ஒழுகும் கூரை, உடைந்த பெஞ்சு, காய்ந்த தொட்டி என்று நான்தான் வழி நெடுகப் பாடம் நடத்திக்கொண்டு வந்தேன்.

பள்ளியைப் பார்த்ததும் எனக்கு அடையாளமே தெரியவில்லை. உடைந்த ஓடுகளை மாற்றியிருந்தார்கள். சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். உடைந்த பெஞ்சுகள் மாயமாகி, கோயில் திருவிழாவுக்கு எடுக்கும் நாற்காலிகள் வரிசையாக நின்றன. கழிப்பறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அறக்கட்டளை அம்மா முகம் கழுவி, தெம்பாகி, தன் டேப்லெட்டை எடுத்தார். பள்ளிக்கு என்ன குறை என்று ஊராரைக் கேட்டார். “ஒரு கொறையும் இல்லீங்க,” என்று அத்தனை பேரும் ஒரே குரலில், பெருமையாகச் சொன்னார்கள். வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார்கள் இந்த ஊர்க்காரர்கள். பன்னிரண்டு வருடமாக இவர்கள் வீட்டில் சாப்பிடுகிறவள், இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அவர் ஒவ்வொரு கேள்விக்கும் ‘தேவையில்லை’ என்று தட்டிக்கொண்டே போனார். சாமைச் சோறும் கோழிக் குழம்பும் இலையில் விழுந்தபோது, “எல்லாம்தான் இருக்கே மேடம், பிறகு எதுக்கு அத்தனை லெட்டர்?” என்று என்னைக் கேட்டார். ஊரை விட்டுக்கொடுக்கவும் மனசில்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. சாப்பிட்டு எழுந்ததும் ஒரு குடத்தை அவர் கையில் கொடுத்து, இன்னொன்றை நான் எடுத்துக்கொண்டு, வாங்க மேடம், ஊரே தண்ணீர் எடுக்கும் ஊற்றைக் காட்டுகிறேன் என்று பள்ளத்தில் இறங்கினேன். பெண்கள் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

இறங்குவது சுலபம். குடத்தோடு ஏறும்போது அவர் மூன்று இடத்தில் உட்கார்ந்தார், நான் கோபத்தின் பலத்தில் இரண்டே இடத்தில் உட்கார்ந்தேன். மேலே வந்து சேர்ந்தபோது அவர் குடத்தில் பாதிதான் மிச்சம். தொட்டியை எப்படி நிரப்பினீர்கள் என்று மூச்சு வாங்கக் கேட்டார். மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்து, கைக்குக் கை குடம் மாற்றி, முந்தின நாள் பூராவும் ஊற்றினார்களாம். அதிகக் குடம் சுமந்தது யார் என்று கேட்டதும் எல்லோரும் ஓர் ஆளைக் காட்டினார்கள். அந்தக் கணக்குப் புலியின் அம்மா.

“விருந்தாளி வர்ற எடத்துல தண்ணி இல்லாம வைக்கலாமுங்களா?” என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

அறக்கட்டளை அம்மா குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். “அப்போ பிள்ளைங்களுக்கு?”

“அதுக நம்மூட்டுப் புள்ளைங்கதானுங்களே. பொறுத்துக்கும்…”

சொன்னவர் பாதியில் நிறுத்திவிட்டார். நானும் நினைத்திருந்தால் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் அந்தத் தொட்டியை நிரப்பியிருக்கலாம். முதலில் துறைக்கு, பிறகு அறக்கட்டளைக்கு என்று லெட்டர் எழுதுவதிலேயே இரண்டு வருடத்தை ஓட்டியிருந்தேன். என் கோபமெல்லாம் எங்கே போனதோ, அழுகை வந்தது.

அறக்கட்டளை அம்மா படியில் உட்கார்ந்து எல்லாப் பதிலையும் முதலிலிருந்து மாற்றித் தட்டினார். புதுப் போரும் மோட்டாரும் அடுத்த கல்வியாண்டில் வந்தன. திறப்பு விழாவுக்கு ஊரே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தது, கலெக்டர் அலுவலகத்திலிருந்தும் வந்தார்கள், நல்ல சாப்பாடு.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த வியாழனுக்கு அடுத்த திங்கட்கிழமை. பஸ் இறங்கி நான் பள்ளிக்குள் நுழையும்போது மூங்கில் ஏணி மறுபடி சுவரில் சாய்ந்திருந்தது. அன்றைக்கு எந்த விருந்தாளியும் வருவதாக இல்லை. வீட்டுக்கு ஒரு குடம் என்று முறை வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஏணியிலிருந்து இறங்கி, நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டு, தன் பின்னால் சீருடையில் ஒதுங்கி நின்ற மகளை முன்னால் இழுத்து விட்டார்.

“தொட்டி ரொம்பீருச்சுங்க டீச்சர். இவ பேர மறுக்கா எழுதிக்கிங்க.”

நான் அடிக்கவே இல்லை அந்தப் பேரை. பதிவேட்டைத் திறந்து, அவள் பேருக்கு நேரே அன்றைய வருகையைப் போட்டேன்.